வீணாகும் வெப்பத்தை அளந்தவர்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்களுக்கு அரிசியும் உரமும் சிமென்ட்டும் இந்த வழியே போகின்றன. மலையில் விளையும் மிளகு, அன்னாசி, பலா, வாழை, மரவள்ளி ஆகியவை இதே வழியே இறங்குகின்றன. இவற்றைச் சுமப்பதில் பெரும்பங்கு, பிக்கப் என்று எல்லோராலும் அழைக்கப்படும் சிறிய டீசல் சரக்கு வண்டிகளுக்கு உரியது. அந்த வண்டிக்காரர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமையும். லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது? ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது?

இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடியே ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய குடும்பப் பெயரே டீசல். எரிபொருள் நிலையங்களில் அன்றாடம் உச்சரிக்கப்படும் அந்தச் சொல், ஒரு காலத்தில் ஒரு மனிதரின் பெயராக இருந்தது என்பதே பலருக்கும் நினைவில் இல்லை. எரிபொருள் சிக்கனம் என்பது சந்தையில் விற்கும் ஏதோ ஒரு திரவத்தாலோ மாத்திரையாலோ கிடைப்பதல்ல. இழப்பு எங்கே நிகழ்கிறது என்று நேர்மையாக அளந்து பார்ப்பதில்தான் அது தொடங்குகிறது. ருடால்ஃப் டீசலின் வாழ்க்கை கற்பிக்கும் முதன்மைப் பாடம் இதுவே.

அகதிச் சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை புத்தகங்களுக்கு அட்டை கட்டுவதும் தோல் பொருள்கள் செய்வதுமாகப் பிழைத்துவந்த கைவினைஞர். சிறு பட்டறை நடத்தும் குடும்பத்தின் கடும் உழைப்பையும் குறைந்த வருவாயையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகம் அச்சிறுவனுக்கு மிகவும் பிடித்த இடம். பீரங்கிகளை இழுப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் குன்யோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய நீராவி வண்டி அங்கே இருந்தது. தானே நகர்ந்து சுமை இழுக்கும் வண்டிகளுக்கெல்லாம் முன்னோடி அது.

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. ஜெர்மானியக் குடும்பங்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குத் தஞ்சம் புகுந்தது. அங்கும் வறுமை தொடர்ந்ததால், 12 வயதுச் சிறுவன் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அங்கே கணித ஆசிரியர் ஒருவரின் அரவணைப்பில் படிப்பு தொடர்ந்தது. பொறியாளர் ஆவது என்று 14 வயதிலேயே முடிவெடுத்த ருடால்ஃப், உதவித்தொகையுடன் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1880இல் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் வெளியே வந்தார்.

ஒரு வகுப்பறையின் தாக்கம்

மியூனிக்கில் அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், குளிர்பதன இயந்திரங்களின் முன்னோடியான கார்ல் ஃபான் லிண்டே. நிலக்கரியில் உள்ள வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதத்தை மட்டுமே நீராவி இன்ஜின்கள் வேலையாக மாற்றுகின்றன என்பதை அவர் வகுப்பில் விளக்கினார். மீதி 90 சதவீதம் புகைபோக்கி வழியாகவும் கொதிகலன் சுவர் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1824இலேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் நிறுவியிருந்தார். அந்த எல்லைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரம் மாணவர் டீசலை உறங்கவிடவில்லை.

அவரை உறுத்திய இன்னொரு செய்தியும் உண்டு. நீராவி இன்ஜின் பெரிய ஆலைக்கு மட்டுமே கட்டுப்படியானது. அதற்குக் கொதிகலன் வேண்டும், அதை மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நெசவாளராலும் தச்சராலும் அதை வாங்க இயலாது. ஆகவே, இயந்திர யுகத்தில் முதலாளியின் ஆலை வளர, சிறு பட்டறை நசிந்தது. சிறு கைவினைஞரின் கைக்கு எட்டும் மலிவான, சிக்கனமான இன்ஜின் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது டீசலின் கனவு. தந்தையின் பட்டறை அதற்குப் பின்னணியாக இருந்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் பணியாற்றினார். பனிக்கட்டித் தொழிற்சாலையை நடத்தியபடியே சொந்த ஆய்வுகளைத் தொடர்ந்தார். நீராவிக்குப் பதிலாக அம்மோனியாவைப் பயன்படுத்தும் இன்ஜினுக்காகச் சில ஆண்டுகளைச் செலவிட்டார், அது கைகூடவில்லை. 1883இல் மார்த்தாவை மணந்தார்; மூன்று குழந்தைகள் பிறந்தனர். 1890இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது.

அழுத்தத்தில் பிறந்த நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். இந்த எளிய உண்மையே டீசலின் கண்டுபிடிப்புக்கு அடித்தளம். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் அடைத்து மிகக் கடுமையாக அழுத்தினால், அது எரிபொருளைத் தானாகப் பற்றவைக்கும் அளவுக்குக் கொதிக்கும். அந்தக் கணத்தில் எரிபொருளைச் செலுத்தினால் போதும்; தீப்பொறி தேவையில்லை. எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு, எரியும் வாயு விரிவடைவதற்கும் பிஸ்டனைத் தள்ளுவதற்கும் இடம் கிடைக்கிறது. சிக்கனத்தின் இரகசியம் அங்கேதான் இருக்கிறது.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அது கிடைத்தது. காகிதத்தில் இருந்த திட்டத்துக்கும் இரும்புக்கும் ஒத்துப்போகவில்லை. வளிமண்டல அழுத்தத்தைப் போல 250 மடங்கு வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார். அக்கால உலோகங்களால் அதைத் தாங்க முடியாது. எரிதல் நிகழும் விதத்தைப் பற்றிய அவருடைய முதல் கணக்கிலும் பிழை இருந்தது. அதை உணர்ந்து திட்டத்தைத் திருத்தினார். காப்புரிமையில் எழுதியது ஒன்று, செய்து காட்டியது வேறொன்று என்று எதிரிகள் பிற்காலத்தில் அவரைத் தாக்குவதற்கு இந்தத் திருத்தமே காரணமாயிற்று.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. 1893 ஆகஸ்ட் 10 அன்று நடந்த முதல் சோதனையில், அழுத்தத்தைக் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது; டீசல் மயிரிழையில் தப்பினார். ஆனால், அழுத்திய காற்றில் எரிபொருள் தானாகப் பற்றும் என்பது அந்த வெடிப்பிலேயே உறுதியாயிற்று. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் தன் சொந்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடியது. அதை நம்பகமான இயந்திரமாக மாற்ற மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன.

1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர், நிறுவனத்தைச் சாராத நிபுணராக இன்ஜினைச் சோதித்தார். எரிபொருளில் இருந்த வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைய நீராவி இன்ஜின்களோடு ஒப்பிட்டால், அதே வேலைக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான எரிபொருள் போதும்.

இதைக் கொல்லிமலைக் கணக்கில் பார்க்கலாம். சுமையோடு 3 டன் எடையுள்ள வண்டியை 1,000 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 30 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பதோ சுமார் 36 மெகாஜூல். இழப்பே இல்லாத உலகில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் வண்டி மலை ஏறிவிடும். 10 சதவீதம் மட்டுமே வேலையாகும் நீராவி முறையில் அதே உயரத்துக்கு 8 லிட்டருக்கு நிகரான எரிபொருள் வேண்டும். டீசலின் 1897ஆம் ஆண்டு இன்ஜினுக்கு 3 லிட்டர் அளவில் போதும். இன்றைய இன்ஜின் 35 சதவீதத் திறனில் இயங்கினால் இரண்டேகால் லிட்டர். சக்கர உராய்வு, காற்றின் தடை, வளைவுகளில் பிடிக்கும் பிரேக் ஆகியவை தனிக்கணக்கு. நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியதில் மிச்சமான 5 லிட்டர், அந்த ஒரு மனிதரின் கொடை.

புகழும் சரிவும்

புகழ் உடனே வந்தது. அமெரிக்க உரிமையை மது ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1900இல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. கடலை விளையும் தம் காலனிகளுக்கு அது பயன்படுமா என்று அறிய பிரெஞ்சு அரசு விரும்பியதே அதற்குக் காரணம். பிற்காலத்தில் டீசலும் தாவர எண்ணெய்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். 2030க்குள் டீசலில் 5 சதவீத உயிரி டீசலைக் கலக்கும் இலக்கை 2018இல் இந்தியா வகுத்ததற்கு அந்தக் கண்காட்சியை முன்கதை எனலாம். சுத்திகரித்து வேதிமாற்றம் செய்யாத சமையல் எண்ணெயை இன்றைய வண்டியில் நேரடியாக ஊற்றுவது மட்டும் கூடாது. அதன் பிசுபிசுப்பு நுண்ணிய இன்ஜெக்டர்களை அடைத்துவிடும்.

வெப்பத்தின் இழப்பை இவ்வளவு துல்லியமாக அளந்தவர், தம் பணத்தின் இழப்பை அளக்கத் தவறினார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்திலும் எண்ணெய் வயல்களிலும் போட்ட முதலீடுகள் கரைந்தன. அவர் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தொழிற்சாலை நிலைக்கவில்லை. காப்புரிமை வழக்குகளும் உடல்நலக் குறைவும் சேர்ந்து அவரை வாட்டின. தொழிலாளர்கள் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தாமே தொழில்களை நடத்தும் சமூகத்தைப் பற்றி 1903இல் ஒரு நூல் எழுதினார். இன்ஜினைவிடத் தாம் மேலாகக் கருதிய அந்த நூலை உலகம் பொருட்படுத்தவில்லை.

சிறு பட்டறைக்காகக் கண்ட கனவும் வேறு திசையில் போயிற்று. அழுத்திய காற்றின் உதவியால் எரிபொருளைத் தூவும் அன்றைய முறைக்குப் பெரிய அழுத்தக் கருவி தேவைப்பட்டது. 1897ஆம் ஆண்டு இன்ஜினின் எடை சுமார் நான்கரை டன். தந்த ஆற்றல் 20 குதிரைத்திறனுக்கும் குறைவு. எனவே, முதலில் அது மின்நிலையங்களுக்கும் கப்பல்களுக்குமே போனது. 1912இல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினின் துணையுடன் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது. நீர்மூழ்கிக் கப்பல்களும் இந்த இன்ஜினைத் தேடிவந்தன.

1913 செப்டம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கூட்டத்தில் கலந்துகொள்வதற்காக, நண்பர்கள் இருவருடன் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப் பின் அறைக்குச் சென்றார். காலையில் அவர் அங்கில்லை. சுமார் பத்து நாள்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. சட்டைப் பையில் இருந்த பொருள்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். கடன் சுமை அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது என்றே பலரும் கருதுகின்றனர். வேறு ஊகங்களும் இன்றுவரை உலவுகின்றன. அப்போது அவருக்கு வயது 55.

கனவு மலைக்கு வந்த வழி

டீசல் காணாத மாற்றங்கள் அதன் பிறகே நிகழ்ந்தன. 1923, 1924ஆம் ஆண்டுகளில் டீசல் லாரிகள் ஜெர்மனியில் உருவாயின. பாஷ் நிறுவனம் 1927இல் எரிபொருளை நேரடியாக அழுத்திச் செலுத்தும் பம்பைத் தயாரிக்கத் தொடங்கியதும், கனமான காற்றழுத்தக் கருவிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை உள்ளே தள்ளும் டர்போ, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து. 2005இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த டாடா ஏஸ் வண்டியில் இருந்தது 702 சிசி கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின்; ஆற்றல் 16 குதிரைத்திறன். நான்கரை டன் இயந்திரம் தந்த ஆற்றலை, தெருவோரத்தில் நிற்கும் சிறு வண்டி ஒன்று எட்டிப்பிடித்துவிட்டது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவது டீசல் இன்ஜின். கடன் வாங்கி ஒரு பிக்கப் எடுத்துத் தாமே ஓட்டிப் பிழைக்கும் மனிதர்தான் டீசல் மனத்தில் கண்ட சிறு தொழிலாளி.

அந்த மனிதருக்கு டீசலின் வாழ்க்கை சொல்வது என்ன? அவருடைய ஆய்வு மூன்று சொற்களில் அடங்கும்: காற்று, அழுத்தம், நேரம். மைலேஜும் இழுவையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், எரிபொருள் முழுமையாக எரிந்தால் இரண்டுமே கூடும்.

மலை உச்சியில் காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. டர்போ அதை ஈடுசெய்கிறது. ஆனால், ஏர் ஃபில்டரில் தூசு அடைத்திருந்தாலோ டர்போவிலிருந்து வரும் குழாயில் கசிவு இருந்தாலோ அந்த ஈடு கிடைக்காது. எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லாதபோது கரும்புகை வருகிறது. அது எரியாமல் போன டீசல். காசு கரியாகும் காட்சி. பிஸ்டன் வளையம் தேய்ந்தால் அழுத்தம் குறையும். டீசலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்திருந்தால், அதன் வழவழப்பை நம்பி இயங்கும் பம்பும் இன்ஜெக்டரும் தேயும். தூவல் சிதறி, எரியும் நேரம் தவறும். டயரில் காற்று குறைந்தால் அந்த இழப்பு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தொடரும்.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது ஆபத்தான தவறு. நவீன இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள டீசலைக் குடிக்கும். அதோடு, முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறி பிடிமானத்தை இழக்கும். 70 வளைவுகள் உள்ள சாலையில் இதன் விலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. இழுவையைக் கூட்டுவதாகச் சொல்லி இன்ஜினின் கணினியில் எரிபொருள் அளவை ஏற்றும் வேலையும் இப்படிப்பட்டதே. அதற்கேற்ற காற்றும் குளிர்விப்பும் இல்லாவிட்டால் கிடைப்பது புகையும் வெப்பமும். குறைவது இன்ஜினின் ஆயுள்.

அளவை மாற்ற வேண்டும்

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 விதிகள், புகைத் துகள்களை வடிகட்டும் அமைப்புகளைப் புதிய டீசல் வண்டிகளுக்குக் கொண்டுவந்தன. மைலேஜுக்காக அவற்றைக் கழற்றிவிடுவது விதிமீறல் மட்டுமன்று. ஒருவரின் இழப்பை இன்னொருவரின் நுரையீரலுக்கு மாற்றி எழுதும் பொய்க்கணக்கு. 2015இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்தது அம்பலமானது. தம் இன்ஜினை ஒரு பேராசிரியரிடம் ஒப்படைத்து எல்லோர் முன்னிலையிலும் அளக்கச் செய்த மனிதரின் பெயரைத் தாங்கிய தொழில்நுட்பத்துக்கு அது பெரும் களங்கம்.

கொல்லிமலையில் செய்யக்கூடியவை எளியவை. முதலாவதாக, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கோடு, ஒரு டன் விளைபொருளை இறக்க எத்தனை லிட்டர் என்றும் அளக்க வேண்டும். அரைச்சுமையோடு இறங்கும் வண்டி லிட்டருக்கு அதிகம் ஓடினாலும், ஒரு டன்னுக்கு ஆகும் செலவு கூடும். அந்தச் செலவு விவசாயியின் விலையிலிருந்துதான் கழியும். உற்பத்தியாளர் குழுக்கள் சரக்கைச் சேர்த்து அனுப்பினால், எந்தக் கருவியும் தராத சிக்கனம் கிடைக்கும். அளவுக்கு மீறிய சுமையோ பிரேக்கையும் உயிரையும் பணயம் வைக்கும். இரண்டாவதாக, நவீன இன்ஜின்களைப் பரிசோதிக்கும் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்குகளும் மலையிலேயே இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் மலைவாழ் இளைஞர்களுக்கு இப்பயிற்சி கிடைத்தால், பழுதுபார்க்க அடிவாரம் வரை போய்வரும் செலவு மிஞ்சும். ஊரில் வேலையும் கிடைக்கும். மூன்றாவதாக, புகைச் சோதனை வெறும் சான்றிதழாக நின்றுவிடாமல், இன்ஜினின் நலத்தை வண்டிக்காரருக்குச் சொல்லும் பரிசோதனையாக மாற வேண்டும்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பாடுகிறது. ஒரு சொட்டு எரிபொருளிடமிருந்து எத்தனை வேலை வாங்கலாம் என்று ருடால்ஃப் டீசல் தேடியதும் அப்படிப்பட்ட ஒரு வில்வித்தைதான். எதிர்காலத்தில் மின்சார வண்டிகள் இந்த மலையேற்றத்தை இன்னும் சிக்கனமாக்கக்கூடும். அதுவரை, மலை விவசாயியின் ஒவ்வொரு கூடைப் பழத்திலும் டீசல் செலவு ஒளிந்திருக்கிறது. அதை அளந்து குறைப்பது, சிறு தொழிலாளிக்காக இன்ஜின் செய்ய முனைந்தவருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன்.